ஒட்டிய இடம்: சரி

ஜூன் 10, செவ்வாய்

இன்னைக்குப் பொழுதோட ஆறு மணிக்கு என் மண்டையில முதல் பேட்ச் ஒட்டியாச்சு. ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கு. அடிப்பக்கம் பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும், அந்தச் சொரசொரப்புதான் ஊசியாம். நூறு ஊசிக்கு மேல. ஊசிக்குள்ள மருந்து இல்ல, ஊசியே மருந்து. தோலுக்குள்ள போயி, குழம்புல போட்ட உப்புக்கல்லு மாதிரி கரைஞ்சிருமாம்.

ஆஸ்பத்திரியில ஒரு புத்தகம் குடுத்திருக்காங்க. கட்டம் கட்டமா போட்டிருக்கு. தேதி, ஒட்டிய நேரம், எடுத்த நேரம், ஒட்டிய இடம் சரியா, அரிப்பு உண்டா. கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம், அதுல என் கட்டைவிரலைக்கூட வைக்க முடியாது. எனக்கு வாயும் நீளம், கையெழுத்தும் பெருசு. அதனால கடையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்துட்டு வந்து இதுல எழுதறேன். அது அவங்களுக்கு, இது எனக்கு.

இந்த வம்புல நான் எப்படி மாட்டினேன்னா, சூலூர் தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்புல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நாள் பூரா மெஷின் மேல குனிஞ்சு நிக்கிற பொழப்பு. குனியறப்பெல்லாம் எதுத்தாப்புல நிக்கிறவங்களுக்கு என் உச்சந்தலை தரிசனம். வகிடு வருஷா வருஷம் ரோடு அகலப்படுத்தற மாதிரி அகலமாகிட்டே போகுது. போன மாசம் பட்டா காப்பி எடுக்க வந்த ஒரு பெரியவர், "ஏம்மிணி, டைபாய்டு வந்துதா?"ன்னு கேட்டுப்போட்டார். ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு உள்ள போயி அழுதேன். நாப்பத்தாறு வயசு. இதுக்கெல்லாம் அழற வயசா?

அந்த வாரமே ரெஜினா வந்தா. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, கோயமுத்தூர்ல ஒரு தோல் ஆஸ்பத்திரியில இந்தப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்கிற வேலை. சூலூர்ல முகாம் போட்டிருந்தாங்க. சம்மதப் படிவம் அறுபது செட் காப்பி எடுக்கணும்னு வந்தவகிட்ட, காப்பி ஓடறப்பவே நான் முழுசும் படிச்சுட்டு, "அம்மிணி, அறுபத்தியொண்ணா எடுத்துக்கட்டுமா?"ன்னேன்.

நான் பார்க்காத வைத்தியமா? வெங்காயச் சாறு தேய்ச்சுக் கடைக்கு வர்றவங்கள விரட்டினேன். லோஷன் சொட்டு சொட்டா விட்டா நெத்தியில வழிஞ்சு, மண்டையில வராத முடி கன்னத்துல வந்துச்சு. ஸ்பிரே அடிச்சா முடிதான் நனையுது, தோலு நனையல. டாக்டரம்மா சொன்னாங்க, மண்டைத்தோல் தார்ப்பாய் மாதிரியாம், மேல ஊத்தினது மேலயே நின்னுக்குமாம். அதனாலதான் இந்த ஊசி. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு இவர் கிண்டல் பண்றார். பண்ணட்டும்.

இவர்னா என் வீட்டுக்காரர் திருமூர்த்தி. பள்ளிக்கூட வேன் ஓட்டறார். இருபத்திநாலு வருஷம், வண்டியில ஒரு கீறல் கிடையாது. ஊர்ல யாரும் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, வேன் மாமாதான். எனக்குப் பேட்ச் ஒட்டிவிடற உத்தியோகமும் இவருக்குத்தான். உச்சந்தலையை நானே பார்த்து ஒட்ட முடியுமா?

அந்தப் புத்தகத்துல எழுதினது: ஒட்டிய இடம் சரி, அரிப்பு கொஞ்சம்.

ஜூன் 13, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைக எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாள். அந்த ரெண்டு நாளாப் பார்த்துப் பேட்ச் ஒட்டணும், எண்ணெயே தொடக் கூடாதுங்கறாங்க. மண்டை காயுது, கோவம் கோவமா வருது. இடம் சரி.

ஜூன் 20, வெள்ளி

ஒட்டற விதத்தை எழுதி வைக்கிறேன். என் வகிட்டுக்கு வலப்பக்கம், உச்சியில, எள்ளு அளவுல பச்சைப் புள்ளி ஒண்ணு குத்தியிருக்காங்க. பேட்ச்சுக்கு நடுவுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள புள்ளி தெரியற மாதிரி வச்சு, ரெண்டு நிமிஷம் கட்டைவிரலால அழுத்திப் பிடிக்கணும். மாசா மாசம் புள்ளியைச் சுத்தி ஒரு வட்டத்துல முடியை லென்ஸ் வச்சு எண்ணுவாங்க. சேர்ந்த அன்னைக்கு எண்ணினப்ப தொண்ணூத்தாறு.

வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காருவேன், இவர் பின்னாடி நிப்பார். ரெண்டு நிமிஷத்துக்கு இவர் கடிகாரம் பார்க்கறதில்ல. காலையில ஏத்தற வரிசையில பிள்ளைக பேரைச் சொல்லுவார். கலங்கல் பிரிவுல லோகித், அவன் தங்கச்சி, அப்புறம் ரெட்டைப் பிள்ளைக, இப்படியே இருபத்திரெண்டு பேர். சொல்லி முடிச்சா சரியா ரெண்டு நிமிஷம், நான் போன்ல வச்சுப் பார்த்துட்டேன். கடைசிப் பேரு வர்ஷிதா. மூணாங்கிளாஸ். அந்தப் பேர் வந்தாலே இவருக்குச் சிரிப்பு. ஏறினதும் "மாமா, பெல்ட்டு"ன்னு இவரையே அதட்டுமாம். இறங்கினா வேன் திரும்பிப் போற வரைக்கும் செவுத்தோரமா கையைக் கட்டிக்கிட்டு நிக்குமாம், ஒரு அடி நகராதாம்.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதை எழுதி என்ன, ஊருக்கே தெரியும்.

கல்யாணமாகி இருபத்தியொரு வருஷத்துல இவர் என் தலையை இத்தனை நேரம் தொட்டதே இல்ல. நல்லாத்தான் இருக்கு.

ஜூன் 27, வெள்ளி

ஒட்டினதும் போன்ல போட்டோ எடுத்துப் பார்த்தேன். புள்ளி வெளிய இருக்கு, பேட்ச் ஒரு விரக்கடை தள்ளி இடப்பக்கம் இருக்கு. "ஏனுங்க, கண்ணைப் பொடனியில வச்சுட்டு ஒட்டறீங்களா?"ன்னு ஒரு கத்து கத்தினேன். சிரிச்சுட்டே எந்திரிச்சுப் போயிட்டார். புத்தகத்துல உள்ளதை எழுதினேன்: இடம் தவறு, இடப்பக்கம்.

ஜூலை 1, செவ்வாய்

தவறு. மறுபடியும் இடப்பக்கம். மறுபடியும் திட்டினேன். பொண்டாட்டி மண்டைன்னா இவருக்கு அவ்வளவு எளக்காரம்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ரெஜினா லென்ஸை வச்சுப் பார்த்துட்டு, "அக்கா, புள்ளிகிட்ட ஊசித்தடமே இல்லியே, எல்லாம் அந்தப் பக்கமாட்டு இருக்கு. வீட்டுல யாரு ஒட்டுகா?"ன்னா.

"வீட்டுக்காரர்தான்."

"அண்ணனுக்கு முதல்ல கண்ணாடி வாங்கிக் குடுங்க"ன்னு சிரிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன். முடி தொண்ணூத்தஞ்சு, ஒண்ணு குறைஞ்சிருக்கு. எனக்குக் குடுத்தது மருந்து பேட்ச்சா, வெறும் பேட்ச்சான்னு அவளுக்கே தெரியாதாம். பாதிப் பேருக்கு வெறும் பேட்ச்தானாம்.

பஸ்ஸுல வர்றப்ப சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னு எழுதத் தெரியல.

ஜூலை 11, வெள்ளி

வாசல்ல வெயில் கொட்டிக் கிடந்துச்சு, விளக்கே வேண்டாம். உக்கார்றதுக்கு முன்னாடி, ரெண்டு கண்ணாடிய முன்னயும் பின்னயும் வச்சுக்கிட்டு, கைவலிக்க வலிக்க ஒரு பெரிய செவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பச்சைப் புள்ளி மேலயே ஒட்டிட்டேன். அம்மன் நெத்தியில வைக்கிற அளவுப் பொட்டு. "ஏனுங்க, இன்னைக்குத் தப்பு வராது. பொட்டை எடுத்துட்டு அதே இடத்துல ஒட்டுங்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் விரல் மண்டையில தடவிக்கிட்டு இருந்துச்சு. "எடுத்துட்டேன்"னார். அழுத்தினார். லோகித்துல ஆரம்பிச்சு வர்ஷிதா வரைக்கும் சொன்னார்.

உள்ள போயி போட்டோ எடுத்தேன். பொட்டு அங்கயேதான் இருந்துச்சு. செவ செவன்னு. பேட்ச் ரெண்டு விரக்கடை தள்ளி இருந்துச்சு.

நான் இன்னைக்குத் திட்டல. அடுப்படியில போயி நின்னுக்கிட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு இருபத்திரெண்டு பிள்ளைக ஏறும்.

புத்தகத்துல எழுதினது: ஒட்டிய இடம் சரி.

ஜூலை 12, சனி

இப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. பேப்பரை நான் படிச்சுச் சொன்னாத்தான் கேக்கறார், நாலஞ்சு மாசமா. டம்ளரை நீட்டினா நேரா எடுக்காம என் கை வரைக்கும் தடவிட்டு எடுக்கறார். சுகர் பத்து வருஷமா இருக்கு, மாத்திரையை ஒழுங்காப் போடறதில்ல. சோத்துல முடி கிடந்தாக்கூடச் சத்தம் போடறதில்ல. நான் என்னவோ மனுசன் சாந்தமாயிட்டார்னு நினைச்சேன்.

மத்தியானம் மரகதம் கடைக்கு வந்தா. வேன்ல பிள்ளைகளை ஏத்தி இறக்கற ஆயா. ஆதார் காப்பி எடுத்துட்டு, போறப்ப, "அக்கா, அண்ணனைக் கண்ணாடி போடச் சொல்லுங்கக்கா. திரும்பற எடத்துலயெல்லாம் நான்தான் வண்டி வருது வண்டி வருதுன்னு கத்திக்கிட்டே வர்றேன். ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் இறங்கி நின்னு கையால தட்டிச் சொல்லணும்"னா.

"சொல்றேன் மரகதம்"னேன்.

சொல்லல.

ஜூலை 15, செவ்வாய்

சரி.

ஜூலை 18, வெள்ளி

சரி. ஆடி பொறந்தாச்சு. கடையில கூட்டம் இல்ல.

ஜூலை 22, செவ்வாய்

இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் கடையைச் சீக்கிரம் சாத்திட்டு வந்தேன். வந்து பார்த்தா மனுசன் காகிதக் கிரீடம் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கார். இவர் பொறந்தநாள் இன்னைக்கு, எனக்கே மறந்து போச்சு. பிள்ளைக ஞாபகம் வச்சு வேன்லயே பாட்டுப் பாடிச்சுகளாம். "வர்ஷிதாதான் கிரீடம் செஞ்சுது, எல்லாருக்கும் லீடர் அவதான்"னு சொல்றப்ப ஐம்பத்தியொரு வயசு மூஞ்சி ஒரு பையன் மூஞ்சியா இருந்துச்சு. இந்த மூஞ்சியைப் பார்த்து, இனிமே வேன் சாவியைத் தொடாதீங்கன்னு எந்த வாயால சொல்ல? வேனை எடுத்துட்டா இவர்கிட்ட என்ன இருக்கு? நான் இருக்கேன். நான் போதுமா?

வேற யாரையாச்சும் ஒட்டச் சொல்லலாம், மரகதமே ஒட்டுவா. ஆனா ஆள் மாத்தினா, எனக்குத் தெரியும்கறது இவருக்குத் தெரிஞ்சு போயிரும். அதனால உக்காந்தேன். அழுத்தினார். பேட்ச் இப்பக் காதுப் பக்கம் போயிட்டு இருக்கு.

சரின்னு எழுதினேன்.

ஜூலை 25, வெள்ளி

சுத்தி வளைச்சு ஆரம்பிச்சேன். "ரெண்டு பேரும் ஒருக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாங்களா? எனக்கும் கிட்டத்துல மங்கலாத் தெரியுது."

"உன்ற வகிட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் என் கண்ணு கூசிப்போச்சு"ன்னார். சிரிக்க வச்சுட்டார். அப்புறம், சிரிப்பு அடங்கினதும், "காலாண்டு லீவுல போலாம் அம்மிணி"ன்னார்.

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில. ரெண்டு மாசம் இருக்கு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் "ஆகட்டுங்க"ன்னேன். மரகதம் இருக்கா, அவ பார்த்துக்குவான்னு மனசுக்குள்ள ஒரு சமாதானம்.

சரி.

ஜூலை 29, செவ்வாய்

சரி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேட்ச் ஒட்டல.

வர்ஷிதாவுக்கு அடிபட்டிருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. மாரியாத்தா, உசுருக்கு ஒண்ணுமில்ல.

ஆகஸ்ட் 2, சனி

நேத்து ரெண்டு வரிக்கு மேல எழுத முடியல. எழுதறேன்.

நேத்து ஆடி வெள்ளி. மரகதத்துக்கு அம்மன் கோயில்ல கூழ் ஊத்த வேண்டுதல், லீவு போட்டுட்டா. பொழுதோட நாலே காலுக்குக் கடைசி ஸ்டாப்பு. அதுக்கு மேல ரோடு இல்ல, வேனை ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்பணும். வர்ஷிதா இறங்கிருச்சு. இவர் பின்னாடி எடுத்தார். பின்பக்கம் காம்பவுண்டுச் செவுத்துல போயி இடிச்சுது. செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல பிள்ளையோட இடது கால். எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. ராத்திரியே பிளேட் வச்சுட்டாங்க.

போலீஸ்ல இவர் சொன்னது, பாப்பா திடீர்னு வண்டிக்குப் பின்னாடி ஓடிருச்சுன்னு. பள்ளிக்கூடத்துலயும் அதையேதான் சொல்றாங்க. தெருவுல பார்த்தவங்க யாருமில்ல. இருபத்திநாலு வருஷம் ஒரு கீறல் இல்லாத மனுசன் பொய் சொல்லுவாரான்னு ஊரே சொல்லுது. சின்னப் பிள்ளைகன்னா ஓடத்தானே செய்யும்கறாங்க.

லைசென்ஸை ஸ்டேஷன்ல வாங்கி வச்சுட்டு அனுப்பிட்டாங்க. வந்ததுல இருந்து செவுத்தைப் பார்த்துப் படுத்திருக்கார். நான் ஒண்ணும் கேக்கல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். கட்டில்ல அந்தப் பிள்ளை இத்தனூண்டா கிடந்துச்சு, கால் மட்டும் பெருசா, கட்டோட. அவ அம்மா என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு, "மனசுல வச்சுக்காதீங்கக்கா, இவ துடுக்குத்தனத்துல அண்ணனுக்குப் போலீசு கேசுன்னு அலைச்சல்"னு சொல்லிட்டு, டீ வாங்க வெளிய போனா. நான் ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரத்துல வச்சேன்.

அவ போனதும் பிள்ளை மெதுவாக் கூப்பிட்டுச்சு.

"அத்தை."

"சொல்லு கண்ணு."

"நான் செவுத்தோரமாத்தான் நின்னேன். எப்பவும் அங்கதான் நிப்பேன். கையைக் கட்டிக்கிட்டு. ஆனா எல்லாரும் நான் ஓடினேன்னு சொல்றாங்க. மிஸ்ஸும் சொன்னாங்க. அம்மா திட்டிருச்சு." கொஞ்ச நேரம் மேல ஓடற ஃபேனைப் பார்த்துச்சு. "ஓடியிருப்பேன் போல அத்தை. எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல. மாமாகிட்ட சாரி சொல்லிருங்க."

ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். சுளையில நார் எடுத்துக் குடுத்தேன். வேற ஒண்ணும் செய்யல. படியிறங்கி வந்து மரத்தடியில உக்காந்து வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதேன். நான் மனுஷியே இல்ல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் கேக்கல, அவரா ஸ்டூலை எடுத்து வாசல்ல போட்டார். நானும் போயி உக்காந்தேன். எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அழுத்தினார். பேர் சொல்லல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினார். நூத்திப் பத்துல நின்னுட்டார். அப்புறம் கையை எடுத்துட்டார்.

புத்தகத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்.

இந்த நோட்டு எனக்குன்னு முதல் நாள் எழுதினேன். எனக்குன்னு எழுதறதுலயே ஒண்ணை மறைச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு எழுதிர்றேன். மே மாசம் பள்ளிக்கூடத்துல டிரைவர்க எல்லாரும் கண் பரிசோதனை சர்டிபிகேட் குடுக்கணும். இவர் போன வருஷத்துதைக் கடைக்குக் கொண்டு வந்து, "அங்க ஒரே கூட்டம் அம்மிணி, தேதியை மட்டும் மாத்தி ஒரு காப்பி எடுத்துக் குடு"ன்னார். தாலுகா ஆபீஸ் எதுத்தாப்புல கடை வச்சிருக்கேன், தினம் பத்துப் பேரு இந்த மாதிரி கேப்பாங்க. ஒருத்தருக்கும் செஞ்சதில்ல. வீட்டுக்காரருக்குச் செஞ்சேன். பழைய தேதி மேல வொய்ட்னர் பூசி, காய ஊதி, புதுசா எழுதி, காப்பி எடுத்தேன். ரொம்ப நல்லா வந்துச்சு. ஒரு தடயமில்ல. எனக்குள்ள ஒரு பெருமைகூட இருந்துச்சு.

கூட்டம்னு சொன்னாரே, என்னைக்கு அவர் கூட்டத்துக்குப் பயந்தவர்? அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் சோறு போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்தேன். "வர்ஷிதா உங்ககிட்ட சாரி சொல்லச் சொல்லுச்சு"ன்னேன்.

பிசைஞ்ச கை நின்னுது. "எதுக்கு சாரி?"

"ஓடினதுக்கு."

தண்ணி டம்ளரைத் துழாவி எடுத்தார்.

"செவுத்தோரமாத்தான் நின்னேன்னு சொல்லுதுங்க. ஆனா எல்லாரும் சொல்றதால ஓடியிருப்பேன் போலன்னும் சொல்லுது. தன்னையே நம்ப மாட்டேங்குது பிள்ளை. ஓடுச்சாங்க?"

"தெரியல."

"ஏனுங்க..."

"தெரியல தமயந்தி! பார்த்தாத்தானே தெரியும்? ஓடுச்சா நின்னுச்சான்னு நான் பார்க்கவே இல்ல. வேன் சைடு கண்ணாடியில ஒண்ணுமே இல்ல, வெறும் புகை. பிள்ளை கத்தின சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதிச்சேன்." எச்சில் கையோட முகத்தைப் பொத்திக்கிட்டார். "ஓடியிருக்கும், ஓடியிருக்கும்னு சொல்லிச் சொல்லி, ஓடின மாதிரியே எனக்குத் தோண ஆரம்பிச்சிருச்சு."

"எத்தனை நாளா இப்படி?"

"பொங்கல்ல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

நான் கீழ சிந்தின சோத்தைப் பொறுக்கினேன். அவரே சொன்னார்.

"வாய் ஓயாம திட்டிக்கிட்டு இருந்தவ, ஒருநாள் திட்டறதை நிறுத்தினே. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு உனக்குத் தெரியும்னு. தினம் காலையில சாவியை எடுக்கறப்ப நினைப்பேன், இன்னைக்காச்சும் இவ புடுங்கி வச்சுக்குவாளான்னு. நீ டிபன் பாக்ஸைக் கையில குடுத்து அனுப்பினே."

ரெண்டு பேரும் அழுதோம். இவர் மேல எனக்குக் கோவம், என் மேல எனக்குக் கோவம், அதுக்கு நடுவுல இவர் தலையை மடியில போட்டுக்கிட்டு அழுதேன். சோறு காஞ்சு போச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னைக்கு எனக்கு முடி எண்ணற நாள். போகாம இருக்கலாம்னு பார்த்தேன், அப்புறம் போனேன்.

ரெஜினா லென்ஸை வச்சு வட்டத்துக்குள்ள எண்ணினா. தொண்ணூத்தஞ்சு. அப்புறம் லென்ஸை நகர்த்திக்கிட்டே போனவ, "எக்கா!"ன்னு கத்திட்டா. புள்ளிக்கு இடப்பக்கம், வகிட்டைத் தாண்டி, காது வரைக்கும் பூனைமுடி மாதிரி புசுபுசுன்னு புதுசா வந்திருக்காம். கம்ப்யூட்டர்ல போட்டுக் காமிச்சா. இவர் கட்டைவிரல் எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் முடி.

"உங்களுக்கு வந்தது மருந்துதான்னு நினைக்கேன்க்கா, நல்லா கேட்டிருக்கு. ஆனா எங்க வட்டத்துக்குள்ள இல்லியே, கணக்குல சேராது." புத்தகத்தைப் புரட்டினா. "நீங்க சரி சரின்னுல்லா எழுதியிருக்கீங்க?"

"பொய் எழுதினேன் ரெஜினா. எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியல"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவளுக்கு அந்த நாற்காலியில உக்காரவே முடியல, என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இப்ப மாத்தி எழுதலாமா? வொய்ட்னர் இருக்கா?"

"ஐயோ, பூசக் கூடாதுக்கா. இங்க எதையும் அழிக்க விடமாட்டாங்க. ஒத்தைக் கோடு போடணும், அடியில பழசு படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல உள்ளதை எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னைக்குத் தேதி போடணும். தப்பும் தெரியணும், எப்பத் திருத்தினோம்கறதும் தெரியணும்."

ஜூலை பதினொண்ணு, பதினஞ்சு, பதினெட்டு, இருபத்திரெண்டு, இருபத்தஞ்சு, இருபத்தொம்பது. ஆறு இடத்துல கோடு போட்டேன். ஆறு தடவையும் எழுதினேன்: தவறு. ஒட்டியவருக்குக் கண் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆறு கையெழுத்து, ஆறு தடவை ஆகஸ்ட் எட்டு. ஆகஸ்ட் அஞ்சுல காலியா இருந்த கட்டத்துலயும் எழுதினேன்.

என்னைப் பரிசோதனையில இருந்து எடுத்துருவாங்களாம். எடுக்கட்டும். அந்தப் பக்கங்களுக்குக் காப்பி கேட்டேன். பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தந்தா.

ஆகஸ்ட் 9, சனி

கண் ஆஸ்பத்திரி. சுகர்னால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இடது கண்ணு போனது போனதுதான். வலது கண்ணுல ஊசி போட்டா இருக்கிற வெளிச்சத்தைக் காப்பாத்திக்கலாமாம். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா"ன்னு டாக்டர் ஆரம்பிச்சார். மே மாசம்னு மனசுக்குள்ள நான் சொல்லிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். "நாளைக்குப் பாப்பா வீட்டுக்குப் போலாம். அப்படியே ஸ்டேஷனுக்கும் போயிரலாம். நீ அந்தக் காப்பியெல்லாம் எடுத்து வை. சர்டிபிகேட்டும்."

"ரெண்டு பேரும்தானுங்க"ன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆட்டோவுல போனோம். வர்ஷிதா ஹால்ல கட்டில் போட்டுப் படுத்திருந்துச்சு, காலுக்கு அடியில ரெண்டு தலைகாணி. அவ அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருந்தாங்க. உக்காருங்கன்னாங்க. இவர் உக்காரல. கட்டிலைத் தடவிக்கிட்டே போயி, பிள்ளை தலைமாட்டுல தரையில மண்டி போட்டார்.

"கண்ணு, மாமா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நீ ஓடல. நீ எப்பவும் நிக்கிற எடத்துலதான் நின்னே. மாமாவுக்குத்தான் கண்ணு தெரியல. தெரியாமயே ஓட்டினேன். அதை மறைக்கறதுக்கு உன் மேல பொய் சொல்லிட்டேன். தப்பு மாமா மேலதான்."

அவ அப்பா எந்திரிச்சுட்டார். என்னென்னவோ சொன்னார். சொல்ல வேண்டியதுதான், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னோம். "உங்களுக்கும் தெரியுமாக்கா?"ன்னு அவ அம்மா என்னைக் கேட்டா. தெரியும்னேன். அன்னைக்கு எனக்கு டீ வாங்கிக் குடுத்தவ, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே ரெண்டு அடி பின்னாடி போனா. நான் தலை குனிஞ்சு நின்னேன். புது முடி வந்திருந்தா என்ன, வராட்டி என்ன, அவ பார்த்துக்கட்டும்.

வர்ஷிதா மட்டும் சத்தம் போடல. இவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"நிஜமா நான் நின்னேனா மாமா?"

"நின்னே கண்ணு. கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பே. எனக்குத் தெரியும்."

அது அவ அம்மாவைத் திரும்பிப் பார்த்துச்சு. பத்து நாளா அழாத பிள்ளை அப்பத்தான் அழ ஆரம்பிச்சுது. "அம்மா, நான் ஓடலம்மா. நான் ஓடவே இல்லம்மா."

வெளிய போங்கன்னு அவ அப்பா சொன்னார். வந்தோம். ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ வெளிய நின்னுச்சு; வாசப்படியில இவர் காலால தரையைத் துழாவிக்கிட்டு நின்னார். என்னங்கன்னு கேட்டேன். செருப்பைக் காணோம்னார். செருப்பு ரெண்டும் அவர் காலுக்கு முன்னாடியேதான் கிடந்துச்சு.